மூன்று நாள் கணக்கு: ஆண்களின் சிறுநீர்த் தொல்லையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

நெய்வேலியில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர், இரவில் மூன்று நான்கு முறை எழுவதை வெளியே சொல்வதில்லை. சொன்னாலும் பதில் தயாராக இருக்கிறது. "வயசானா அப்படித்தான்" என்பார் ஒருவர். "உடம்பு சூடு, இளநீர் குடி" என்பார் இன்னொருவர். "புராஸ்டேட்டா இருக்கும், நான் போடுற மாத்திரையைப் போட்டுப் பாரு" என்பார் பக்கத்து வட்டத்து நண்பர். மூன்றுமே அளந்து பார்க்காமல் சொல்லப்படும் பதில்கள்.

புராஸ்டேட் வீக்கம் ஒரு காரணம்தான். சர்க்கரை நோய், கால் வீக்கம், தூக்கத்தில் மூச்சு தடைபடுதல், சிறுநீர்த் தொற்று, கல், ரத்த அழுத்த மாத்திரை, இரவில் குடிக்கும் டீ என்று வேறு காரணங்களும் உண்டு. எது உங்களுடையது என்று பிரித்துப் பார்க்க முதலில் தேவைப்படுவது ஸ்கேன் அல்ல. ஒரு நோட்டு, மில்லி கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஜக், மூன்று நாள் பொறுமை, இவை போதும்.

இந்த அத்தியாயத்தின்படி செய்து முடித்தால் உங்கள் கையில் மூன்று தாள்கள் இருக்கும்: மதிப்பெண் தாள், மூன்று நாள் கணக்கு, மருந்து மற்றும் உடல்நல விவரம். நோயைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. அவர் சரியாகக் கண்டுபிடிக்கத் தேவையான விவரத்தைத் திரட்டுவது உங்கள் வேலை.

தொடங்கும் முன்: இவை இருந்தால் அளக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்

1. சிறுநீர் முட்டுகிறது, அடிவயிறு உப்பி வலிக்கிறது, ஒரு சொட்டும் வரவில்லை. இது நீரடைப்பு. இன்னும் தண்ணீர் குடித்தால் வந்துவிடும் என்று குடிக்காதீர்கள். வயிற்றை அமுக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழாய் செருகி நீரை வெளியேற்றினால் வலி சில நிமிடங்களில் அடங்கும்.

2. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கூடவே சிறுநீர்க் கடுப்பு அல்லது விலா வலி. தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும்.

3. சிறுநீரில் ரத்தம். வலியே இல்லாமல், ஒரே ஒருமுறை வந்து நின்றிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். புகைபிடிப்பவர்கள் இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் புகையிலை முக்கியக் காரணம்.

4. திடீரெனக் கால்கள் பலவீனமாகின்றன, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போகிறது, கூடவே சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லை. முதுகுத் தண்டு நரம்பு நசுங்குவதன் அறிகுறி இது. மணிக்கணக்கில் தாமதித்தாலே நிரந்தர பாதிப்பு வரும்.

5. வயதான ஆண் புதிதாகத் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறார். சிறுநீர்ப்பை நிரம்பி வழிவதாக இருக்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை இது. அந்த வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் முதல் படிக்குப் போகலாம்.

முதல் படி: மதிப்பெண் தாள்

உலகம் முழுவதும் மருத்துவர்கள் ஒரே கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். 1992-இல் அமெரிக்க யூராலஜி சங்கம் உருவாக்கிய ஏழு கேள்விகளோடு, "இந்தத் தொல்லை உங்களை எவ்வளவு வாட்டுகிறது" என்ற எட்டாவது கேள்வியும் சேர்ந்து சர்வதேச புராஸ்டேட் அறிகுறி மதிப்பெண் என்று வழங்குகிறது. அதன் சாரத்தை இங்கே தருகிறோம். முழுப் படிவத்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கடந்த ஒரு மாதத்தை மட்டும் நினைத்துக்கொண்டு பதில் எழுதுங்கள்.

1. போய் முடித்த பிறகும் உள்ளே மிச்சம் இருப்பது போல் தோன்றுகிறதா?
2. போய்வந்து இரண்டு மணி நேரம் ஆவதற்குள் மறுபடி போக வேண்டியிருக்கிறதா?
3. நின்று நின்று, விட்டு விட்டு வருகிறதா?
4. வந்தால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா?
5. தாரை மெலிந்து, வேகமில்லாமல் வருகிறதா?
6. ஆரம்பிக்கவே முக்க வேண்டியிருக்கிறதா?
7. படுத்ததிலிருந்து எழும்வரை எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்?

முதல் ஆறு கேள்விகளுக்கு மதிப்பெண்: இல்லவே இல்லை – 0, ஐந்தில் ஒரு முறைக்கும் குறைவு – 1, பாதிக்கும் குறைவு – 2, ஏறத்தாழ பாதி – 3, பாதிக்கும் மேல் – 4, கிட்டத்தட்ட எப்போதும் – 5. ஏழாவதற்கு எழுந்த எண்ணிக்கையே மதிப்பெண். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 5.

கூட்டிப் பாருங்கள். 0 முதல் 7 வரை லேசான தொல்லை, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை.

எட்டாவது கேள்வி தனி: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்துவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மிக மகிழ்ச்சி என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 6. இதைக் கூட்டலில் சேர்க்காதீர்கள். ஆனால் சிகிச்சை எவ்வளவு தேவை என்பதை முடிவு செய்வதில் இந்த ஒரு எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. மொத்தம் 9 வாங்கியவர் வேதனைப்படலாம். 15 வாங்கியவர் கவலையில்லாமல் இருக்கலாம்.

குறிப்பு: 2, 4, 7 ஆகிய கேள்விகளை மட்டும் தனியாகக் கூட்டி ஓரத்தில் எழுதுங்கள். இவை சிறுநீரைத் தேக்கி வைப்பதில் உள்ள தொல்லையைக் காட்டும். 1, 3, 5, 6 வெளியேற்றுவதில் உள்ள தொல்லையைக் காட்டும். ஒருவர் வரிசையாக 2, 3, 1, 2, 2, 1, 3 என்று போட்டால் மொத்தம் 14. அதில் தேக்குவதில் 8, வெளியேற்றுவதில் 6. எந்தப் பக்கம் எடை கூடுகிறது என்பது மருத்துவருக்கு முதல் தடயம்.

வழக்கமான தவறுகள்:
- மனைவியோ மகனோ தாங்களாக நிரப்பிக் கொடுப்பது. அவர்கள் கேள்வியைப் படித்துக் காட்டலாம். பதில் உங்களுடையதாக இருக்க வேண்டும்.
- குறைந்த மதிப்பெண் வந்ததால் புற்றுநோய் இல்லை என்று நினைப்பது. இந்தத் தாள் தொல்லையின் அளவைத்தான் காட்டும், காரணத்தை அல்ல.
- இரவு ஷிப்ட் பார்ப்பவர் ஏழாவது கேள்விக்கு வேலை நேரத்தைக் கணக்கில் எடுப்பது. பகலில் தூங்குபவருக்கு அந்தப் பகல் தூக்கம்தான் இரவு.

இரண்டாம் படி: மூன்று நாள் கணக்கு

சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு ஷிப்டில் நடந்ததை அடுத்த ஷிப்டுக்குப் பதிவேட்டில் எழுதிக் கொடுப்பது போலத்தான்: நேரம், அளவு, குறிப்பு. நினைவிலிருந்து பிறகு எழுதக் கூடாது. அப்போதைக்கப்போதே எழுத வேண்டும்.

தேவையானவை: 500 மில்லி வரை கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் (சமையலறைப் பக்கம் போகாதபடி பெயர் எழுதிக் கழிவறையிலேயே வையுங்கள்), நோட்டு, பேனா, கடிகாரம்.

எந்த நாட்கள்? அடுத்தடுத்த மூன்று நாட்கள் நல்லது. பணியில் இருப்பவர்கள் இரண்டு விடுமுறை நாளும் ஒரு வேலை நாளும் எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் மாறும் நாள், கல்யாண வீட்டுக்குப் போகும் நாள், காய்ச்சல் நாள் வேண்டாம்.

செய்முறை:

1. நீங்கள் தினமும் குடிக்கும் டம்ளர், சொம்பு, தண்ணீர் பாட்டில் எவ்வளவு பிடிக்கும் என்று முதலில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சிறுநீர் ஜக்கைத் தனியாக வைக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

2. முதல் நாள் காலை எழுந்ததும் கழிக்கும் சிறுநீரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது முந்தைய இரவுக்குரியது. அந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது.

3. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஜக்கில் கழித்து, அளவையும் நேரத்தையும் எழுதுங்கள். அவசரமாக ஓடினீர்களா, வழியில் கசிந்ததா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

4. குடித்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். டீ, காபி, மோர், கூழ், கஞ்சி, இளநீர், மது எல்லாம் சேரும். கோடையில் நுங்கும் தர்ப்பூசணியும் சாப்பிட்டால் அதையும் குறிப்பிடுங்கள்; அவற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

5. படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டையும் எழுதி அடிக்கோடிடுங்கள். இந்த இரண்டும் இல்லாமல் கணக்கு பயன்படாது.

6. மறுநாள் காலை எழுந்ததும் கழிப்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் முடிகிறது. அடுத்த நாளைத் தொடங்குங்கள்.

வேலையிடத்தில் ஜக்கோடு போக முடியாது. அங்கே நேரத்தை மட்டும் எழுதுங்கள், அளவுக்குப் பதில் ஒரு கோடு போடுங்கள். அந்த நாளின் மொத்த அளவைக் கணக்குப் போட வேண்டாம். எத்தனை முறை என்பது மட்டும் பயன்படும். அளவுக் கணக்கு விடுமுறை நாட்களிலிருந்து கிடைத்துவிடும்.

பாதுகாப்பு: இரவில் ஜக்கைத் தேடி இருட்டில் நடக்காதீர்கள். வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். எழுந்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். வயதானவர்கள் இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படிப்பட்ட நடையில்தான்.

மூன்றாம் படி: கணக்கைப் படிப்பது

மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

1. மொத்தம் அதிகமா? உங்கள் எடையை 40-ஆல் பெருக்குங்கள். 60 கிலோ என்றால் 2,400 மில்லி. 24 மணி நேரத்தில் இதைத் தாண்டினால் உடல் அதிகமாகச் சிறுநீர் உற்பத்தி செய்கிறது. அதிகம் குடிக்கிறீர்களா என்று, குடித்ததை எழுதிய கணக்கைப் பாருங்கள். இல்லையென்றால் சர்க்கரை அளவை உடனே பார்க்க வேண்டும். இதற்குப் புராஸ்டேட் மாத்திரை உதவாது.

2. இரவுப் பங்கு அதிகமா? படுத்த பிறகு கழித்தவற்றோடு காலை முதல் முறை கழித்ததையும் கூட்டுங்கள். படுக்கும் முன் கழித்தது பகல் கணக்கு. இரவு மொத்தத்தை 24 மணி நேர மொத்தத்தால் வகுங்கள். 65 வயதைத் தாண்டியவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், இளைஞருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் இருந்தால் இரவில் உற்பத்தி கூடுகிறது என்று பொருள்.

66 வயதுள்ள ஒருவரின் கணக்கு இது என்று வைத்துக்கொள்வோம்: இரவு 12.30-க்கு 250, 2.40-க்கு 220, 4.30-க்கு 200, காலை 6 மணிக்கு 280. ஆக 950 மில்லி. நாள் மொத்தம் 1,800. பாதிக்கும் மேல் இரவில் வருகிறது. ஒவ்வொரு முறையும் 200 மில்லிக்குக் குறையாமல் வருவதால் சிறுநீர்ப்பை நன்றாகவே தேக்குகிறது. இவருடைய தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் புராஸ்டேட் அல்ல. கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்தால் பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. இதயம், சிறுநீரகம், அம்லோடிபின் போன்ற ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றைப் பற்றி மருத்துவர் யோசிப்பார். பலமான குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் மனைவி அதைச் சொல்ல வேண்டும். தூக்க மூச்சுத்தடையும் இரவுச் சிறுநீரைக் கூட்டும்.

3. ஒவ்வொரு முறையும் கொஞ்சமா? பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். நாளுக்குப் பதினான்கு முறை, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லி என்றால் பை எரிச்சலடைந்திருக்கலாம். தொற்று, கல் இருக்கலாம். அல்லது முழுதாகக் காலியாகாமல் மிச்சம் தங்கலாம். இங்கேதான் சிறுநீர்ப் பரிசோதனையும் மிச்ச அளவு பார்க்கும் ஸ்கேனும் தேவைப்படுகின்றன.

நான்காம் படி: மருந்து மற்றும் உடல்நல விவரம்

ஒரு தாளில் எழுதி, மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

- இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், நேரத்தோடு. சித்த மருந்து, லேகியம், கடையில் கேட்டு வாங்கிய பொடி உட்பட.
- சளி, தும்மல் மாத்திரைகள். குளோர்பெனிரமின், சூடோஎஃபெட்ரின் கலந்தவை புராஸ்டேட் வீங்கியவருக்கு நீரடைப்பையே வரவழைக்கும்.
- நீர் பிரியும் மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, நரம்பு வலிக்கான மாத்திரை.
- சர்க்கரை, பக்கவாதம், முதுகுத் தண்டுப் பிரச்சினை, பார்க்கின்சன் நோய்.
- முன்பு குழாய் போட்டது, அடிபட்டது, பால்வினைத் தொற்று வந்தது. இவை சிறுநீர்க் குழாயைச் சுருக்கியிருக்கலாம். கூச்சப்பட்டு மறைத்தால் தவறான சிகிச்சைதான் கிடைக்கும்.
- மலச்சிக்கல்.
- தந்தைக்கோ சகோதரருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்ததா?

சுரங்க வெயிலும் தண்ணீரும்

திறந்தவெளிச் சுரங்கத்தில் கோடை வெயிலில் நிற்பவர்கள், அடிக்கடி போக வேண்டி வருமே என்று தண்ணீரைக் குறைக்கிறார்கள். சிறுநீர் அடர்ந்து எரிகிறது. கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. எரிச்சலால் முன்னைவிட அடிக்கடி போக வேண்டி வருகிறது. மொத்தத்தைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள்.

1. வேலை நேரத்தில் சிறிது சிறிதாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும்.
2. தூங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன் நிறுத்துங்கள். பகலில் தூங்குபவர் அந்தத் தூக்கத்துக்கு முன் நிறுத்த வேண்டும்.
3. டீ, காபி, மதுவைப் படுக்கும் நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.
4. கால் வீக்கம் உள்ளவர்கள் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுக்கலாம்.
5. இதயம் அல்லது சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர் சொன்ன அளவுதான் அளவு.

ஐந்தாம் படி: மருத்துவரிடம்

என்எல்சி மருத்துவ வசதிக்குத் தகுதியுள்ளவர்கள் நகரியத்திலுள்ள பொது மருத்துவமனையில் தொடங்கலாம். மற்றவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ தொடங்கலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கேயே பார்த்துவிடலாம். மேல்நிலை யூராலஜி சிகிச்சைக்குப் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. அறுவை சிகிச்சை வரை போனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பார்க்க வேண்டியவை:

1. அடிவயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைச் சோதிப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பயந்துதான் பலர் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். தயங்காமல் ஒத்துழையுங்கள்.

2. சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தச் சர்க்கரை, தேவைப்பட்டால் கிரியாட்டினின்.

3. புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை. எல்லோருக்கும் கட்டாயமில்லை, மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறு வாரம் கழித்து எடுங்கள். முந்தைய 48 மணி நேரத்தில் உடலுறவும் நீண்ட சைக்கிள் பயணமும் வேண்டாம். ஃபினாஸ்டரைடு, டூடாஸ்டரைடு சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை பிஎஸ்ஏ அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும்.

4. சிறுநீர் வேகச் சோதனை. 150 மில்லியாவது கழித்தால்தான் முடிவு செல்லும். உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கலாம், பை பலவீனமாகவும் இருக்கலாம்.

5. ஸ்கேனில் மிச்ச அளவு. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்துத் தாங்க முடியாத அளவு நிரப்பிக்கொண்டு, அவசரத்தில் பாதி கழித்துவிட்டுப் படுத்தால் மிச்சம் பொய்யாகக் கூடிக் காட்டும். வழக்கமாகப் போகத் தோன்றும் அளவுக்கு நிரம்பினால் போதும். மிச்சம் அதிகம் என்று வந்தால் இன்னொரு முறை கழித்துவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேன் அறிக்கையில் "புராஸ்டேட் வீக்கம், கிரேட் 2" என்று இருந்தால் பதற வேண்டாம். பெரிய புராஸ்டேட் தொல்லை தராமல் இருக்கலாம், சிறியது அடைத்துக்கொள்ளலாம். ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் பாதிப் பேருக்குப் புராஸ்டேட்டில் வீக்கத்தின் மாற்றம் இருக்கிறது. அறிக்கையை மட்டும் வைத்து எந்த முடிவும் வேண்டாம். மதிப்பெண் தாளோடும் மூன்று நாள் கணக்கோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை

- நண்பரின் டாம்சுலோசின் மாத்திரையை வாங்கிப் போடுவது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழலாம். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து கூடும். மருத்துவர் எழுதிக் கொடுத்துச் சாப்பிடுபவர்களும் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.
- சிறுநீர்ப் பரிசோதனை இல்லாமல் மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டு நிறுத்துவது.
- நல்லது என்று கேள்விப்பட்டு நாளுக்கு ஐந்தாறு லிட்டர் தண்ணீர் குடிப்பது.
- மாத்திரை கேட்டுவிட்டது என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் விடுவது. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் மதிப்பெண் தாளை மறுபடி நிரப்புங்கள். பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

கிளம்பும் முன் சரிபாருங்கள்

1. மதிப்பெண் தாள், எட்டாவது கேள்வியின் எண்ணோடு.
2. மூன்று நாள் கணக்கு: படுத்த, எழுந்த நேரத்தோடு.
3. மருந்து விவரம், மாத்திரை அட்டைகள்.
4. பழைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை அறிக்கைகள்.
5. உங்களை அதிகம் வாட்டும் ஒரு தொல்லை எது என்று ஒரே வாக்கியத்தில்.

வயதானால் முடி நரைப்பது இயல்பு. இரவுத் தூக்கம் நான்கு துண்டாக உடைவதை இயல்பென்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கான காரணங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அடுத்த விடுமுறை நாளில் நோட்டை எடுங்கள். உங்கள் தந்தையோ அண்ணனோ இரவில் நடமாடும் சத்தம் கேட்டால் அவருக்கும் ஒரு ஜக்கும் நோட்டும் வாங்கிக் கொடுத்து, இந்த அத்தியாயத்தைப் படித்துக் காட்டுங்கள்.